மோல்டு எடுக்கும் முன்: பெயிண்ட் அடித்த பேட்டர்னைத் தயார் செய்வது எப்படி?

ஃபைபர் வேலையில் முதலில் பாகத்தின் மாதிரி உருவமாகப் பேட்டர்ன் செய்து, அதன்மேல் மோல்டு என்கிற அச்சை எடுப்பார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள், பேட்டர்னில் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு வந்துவிட்டால் ஜெல்கோட் (மோல்டின் முகமாக முதலில் பூசும் ரெசின் பூச்சு) டப்பாவைத் திறந்துவிடுகிறார்கள். இரண்டு நாள் கழித்துப் பிரித்தால் பெயிண்ட் தோலுரிந்து மோல்டோடு வந்து நிற்கும். இல்லையென்றால் மோல்டின் முகம் முழுக்கச் சுருக்கம் விழுந்திருக்கும். பளபளப்பு கடைசியாகப் பார்க்கவேண்டியது. அடித்திருக்கும் பெயிண்ட் என்ன ரகம், அது அடிவரைக்கும் காய்ந்திருக்கிறதா என்பதுதான் முதலில் பார்க்கவேண்டியது.

ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு பேசினால் எளிதாக இருக்கும். மாணவர்கள் கட்டும் ரேஸ் காரின் மூக்குப் பகுதியை எடுத்துக்கொள்வோம். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்காக இன்ஜினியரிங் கல்லூரி அணிகள் செய்கிற வேலைகளில் இதுவும் ஒன்று. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகைகளை அடுக்கி ஒட்டி, வெட்டி வடிவமாக்கி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடிப்பார்கள். அந்தப் பேட்டர்ன்மேல் பாலியெஸ்டர் மோல்டு எடுத்து, மோல்டுக்குள் ஃபைபர் போட்டுப் பாகத்தை எடுப்பார்கள். பைக் ஃபேரிங், படகு, தண்ணீர்த் தொட்டி மூடி எதுவானாலும் மேற்பரப்பைத் தயார் செய்கிற முறை இதேதான்.

பெயிண்ட் ஏன் உரிகிறது

பாலியெஸ்டர் ஜெல்கோட்டிலும் ரெசினிலும் ஸ்டைரீன் என்கிற திரவம் கலந்திருக்கிறது. அது நல்ல கரைப்பான். ஜெல்கோட் பூசியதிலிருந்து அது இறுகுகிற வரைக்கும், ஸ்டைரீன் கீழே இருக்கும் பெயிண்டைக் கரைக்கப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒட்டாமலிருக்க இடையில் பூசும் வேக்ஸும் பி.வி.ஏ. (பாலிவினைல் ஆல்கஹால்) படலமும் அதைத் தடுக்கும். ஆனால் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் போதும், அங்கே புகுந்துவிடும்.

இந்தத் தாக்குதலைத் தாங்குவது பெயிண்ட் எந்த வழியில் காய்கிறது என்பதைப் பொறுத்தது. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டில் தின்னர் ஆவியாகிப் போய்விடும், மிச்சம் படலமாக நிற்கும். ரசாயன மாற்றம் எதுவும் நடப்பதில்லை. அதனால் ஒரு வருஷம் கழித்துக் கரைப்பான் பட்டாலும் மறுபடி இளகிவிடும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்ப்ரே கேன் பெயிண்டுகளில் பெரும்பாலானவையும் இப்படித்தான். எனாமல், காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து மெதுவாக இறுகும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும், இறுகிய பிறகும் ஸ்டைரீன் பட்டால் புடைத்துச் சுருங்கும். ஹார்டனர் கலந்து அடிக்கிற 2கே பாலியூரிதேன் மட்டும் வேறு மாதிரி. அதில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. முழுக்கப் பின்னிய பிறகு ஸ்டைரீன் அதை எளிதில் அசைக்க முடியாது.

எதை அடித்திருக்கிறார்கள் என்று தெரியவில்லையா? வெள்ளைப் பனியன் துணியை அசிட்டோனில் நனைத்து, கண்ணில் படாத ஓர் இடத்தில் அரை நிமிஷம் தேயுங்கள். நிறம் துணியில் இறங்கினாலோ தேய்த்த இடம் பிசுபிசுத்தாலோ அந்தப் பெயிண்டை நம்பி மோல்டு எடுக்காதீர்கள்.

ஏற்கெனவே இருக்கும் பாகத்தையே பேட்டர்னாக வைத்து நகல் எடுப்பதும் உண்டு. கம்பெனியில் சூடான ஓவனில் சுட்டெடுத்த கார் பெயிண்ட் பெரும்பாலும் தாங்கும். விபத்துக்குப் பிறகு பட்டறையில் மறுபெயிண்ட் அடித்த பானெட்டைச் சந்தேகத்தோடுதான் தொடவேண்டும். இரண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும், அசிட்டோன் துணிதான் வித்தியாசத்தைச் சொல்லும்.

படி 1: வடிவத்தைச் சரிபார்ப்பது

பெயிண்ட் அடித்த பிறகு வடிவத்தில் கைவைக்க முடியாது. அதனால் இதை முதலில் முடித்துவிடுங்கள். பக்கச் சுவர்கள் செங்குத்தாக நிற்காமல், பிரிக்கும் திசையில் 3 டிகிரியாவது சாய்ந்திருக்கட்டும். 1 டிகிரியிலும் பிரிகிற மோல்டுகள் உண்டு. முதல் மோல்டில் அந்தச் சோதனை வேண்டாம். கூர்மையான உள்மூலைகளில் ஃபைபர் மேட் படியாது, அங்கே காற்று தங்கும். 3 மில்லிமீட்டர் ஆரத்துக்காவது வளைவு கொடுங்கள். உள்ளே வளைந்து மோல்டைப் பிடித்துக்கொள்ளும் இடங்கள் இருந்தால் மோல்டை இரண்டு துண்டாகப் பிரித்துத்தான் எடுக்கவேண்டும். எங்கே பிரிப்பது என்பதையும் இப்போதே பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

தெர்மோகோலில் பேட்டர்ன் செய்திருந்தால் கவனம். ஸ்டைரீன் அதைக் கண்முன்னே கரைத்துவிடும். பாலியெஸ்டர் பட்டியிலும் ஸ்டைரீன் இருக்கிறது. அதனால் பட்டி வைப்பதற்கு முன்பே எபாக்ஸியால் முழுக்க மூடியாக வேண்டும். பி.யூ. (பாலியூரிதேன்) ஃபோமுக்கு அந்தக் கவலை இல்லை.

படி 2: அடைப்பதும் பட்டியும்

எம்.டி.எஃப். பலகையின் முகம் வழவழப்பாக இருக்கும். வெட்டிய ஓரம் பஞ்சு மாதிரி எல்லாவற்றையும் உறிஞ்சும். எபாக்ஸியோ 2கே சீலரோ முகத்துக்கு இரண்டு கை, வெட்டு ஓரங்களுக்கு மூன்று கை கொடுங்கள். கை ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு லேசாகத் தேயுங்கள். பேட்டர்னின் அடிப்பக்கத்தையும் உட்பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். மழைக்காலத்தில் அடிவழியாக ஈரம் ஏறினால், மேலே எத்தனை அழகாகப் பெயிண்ட் அடித்திருந்தாலும் ஒட்டுக் கோடுகள் மெல்லிய வரிகளாக எழும்பி நிற்கும்.

எபாக்ஸி பூசியவர்கள் இன்னொன்றையும் செய்யவேண்டும். எபாக்ஸி காயும்போது சிலசமயம் மேலே மெழுகு மாதிரி ஒரு பிசுக்குப் படியும், ஈரப்பதம் அதிகமான நாட்களில் படிய வாய்ப்பு அதிகம். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டுத் தேயுங்கள். கழுவாமல் தேய்த்தால் பிசுக்கு மேற்பரப்பு முழுவதும் பரவி, அடுத்த கோட்டைப் பிடிக்கவிடாது.

பள்ளங்களுக்குக் கார் வேலைக்கு விற்கிற பாலியெஸ்டர் பட்டி போதும். ஒரே அடியில் தடிமனாக வைக்காமல் இரண்டு மூன்று மெல்லிய அடியாக வைத்து, 80 நம்பர் எமரியில் தொடங்கி 180 வரை பிளாக் வைத்துத் தேயுங்கள். ஹார்டனரை அளந்து கலக்கவேண்டும். குறைந்தால் பட்டி உள்ளே இறுகாது. கூடினால் மேலே அடிக்கிற பெயிண்டில் கறையாக ஊறி வரும்.

பட்டறைகளில் அடிக்கடி நடக்கிற ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். பேட்டர்னை வழக்கமான கார் பெயிண்டரிடம் கொடுத்தால் கடைசியாகத் தெரியும் சின்னக் கீறல்களையும் ஊசி ஓட்டைகளையும் அவர் என்.சி. பட்டியால் இழுத்துவிடுவார். கார் வேலையில் அது பழக்கம், காரில் அதனால் பெரிய தொந்தரவும் வராது. இங்கே அப்படியில்லை. மேலே 2கே, உள்ளே அங்கங்கே என்.சி. என்றால் ஜெல்கோட்டின் ஸ்டைரீனும் ரெசினின் சூடும் சேர்ந்து சரியாக அந்த இடங்களில் மட்டும் பெயிண்டைத் தூக்கிவிடும். அசிட்டோன் சோதனையிலும் இது மாட்டாது, மேலே இருப்பது 2கே அல்லவா. அதனால் வேலை கொடுக்கும்போதே “அண்ணே, இதில் என்.சி. எதையும் தொடாதீங்க, ஓட்டை இருந்தா ஹார்டனர் போட்ட மெல்லிசு பட்டியே வைங்க” என்று சொல்லிவிடுங்கள். முடிந்தால் பக்கத்தில் நின்று பாருங்கள்.

படி 3: பெயிண்ட் அடிப்பதும் காயவைப்பதும்

முதலில் 2கே பிரைமர் சர்ஃபேஸர் மூன்று நான்கு கோட். தேய்த்துச் சமப்படுத்திய பிறகு 2கே பாலியூரிதேன் மேல் பெயிண்ட். அதிகம் செலவழிக்க முடிந்தால், மோல்டு வேலைக்கென்றே விற்கும் பாலியெஸ்டர் அல்லது வினைல் எஸ்டர் சர்ஃபேஸர்கள் இருக்கின்றன. காட்டலிஸ்ட் (இறுகவைக்கும் திரவம்) கலந்து அடிப்பவை. தடிமனாக ஏறும், சீக்கிரம் இறுகும், தேய்த்துப் பாலிஷ் போட்டால் நேராக மோல்டு எடுக்கலாம். ஆனால் அவையும் ஜெல்கோட்டும் ஒரே குடும்பம். பாதி இறுகிய நிலையில் மேலே ஜெல்கோட் போனால் இரண்டும் ஒட்டி ஒன்றாகிவிடும். கல்லூரி அணிகளுக்கு நான் சொல்வது கார் கடையில் கிடைக்கும் 2கே. விலை கட்டுப்படியாகும், அடித்துக்கொடுக்க ஆள் கிடைக்கும்.

நிறத்தை யாரும் யோசிப்பதில்லை. கருப்பு அல்லது அடர்நிறமாக இருந்தால் டியூப் லைட் நிழலில் மேடுபள்ளம் பளிச்சென்று தெரியும். மோல்டு ஜெல்கோட்டின் நிறத்திலேயே பெயிண்ட் அடிக்காதீர்கள். ஜெல்கோட் பூசும்போது விட்டுப்போன இடம் எது என்று கண்ணுக்குத் தெரியாது, மோல்டில் பெயிண்ட் ஒட்டியிருந்தாலும் தெரியாது.

தடிமனாக ஒரே கோட் அடிக்கும் ஆசையை அடக்குங்கள். காய்ச்சிய பாலில் ஏடு படிவதுபோல மேலே படலம் முதலில் இறுகிவிடும், உள்ளே தின்னர் மாட்டிக்கொள்ளும். தகரக் கூரைக்கடியில் கோடை வெயிலில் இது இன்னும் வேகமாக நடக்கும். அதற்காகத்தான் கோடைக்கு மெதுவாக ஆவியாகும் தின்னர் வாங்கச் சொல்வது. மெல்லிய கோட், இடையில் 10 முதல் 15 நிமிஷம், பிறகு அடுத்தது. மழைநாளில் வேகத் தின்னர் போட்டால் குளிர்ந்த மேற்பரப்பில் ஈரம் படிந்து பெயிண்ட் வெளுத்துப்போகும். கம்ப்ரஸரின் தண்ணீர் வடிப்பானைத் தினமும் காலையில் திறந்துவிடுங்கள். காற்றோடு வரும் ஒரு சொட்டு எண்ணெய் போதும், பெயிண்டில் மீன்கண் மாதிரிக் குழி விழ.

2கே ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது, ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அதன்பிறகு சிறிதளவு பட்டாலே மூச்சுத் திணறும். மணத்தை வைத்து ஆபத்தை அறியவும் முடியாது. துணி மாஸ்க்கும் காகித மாஸ்க்கும் எதற்கும் உதவாது. காற்றுக் குழாய் இணைத்த முகமூடியும் ஸ்ப்ரே பூத்தும் வைத்திருக்கும் பெயிண்டரிடம் அடிக்கக் கொடுப்பதுதான் மாணவர்களுக்குச் சரி. மற்ற எல்லா வேலையையும் நீங்களே செய்யலாம்.

அடித்து முடித்த பிறகு காத்திருப்பு. தொட்டால் ஒட்டாத நிலை சில மணி நேரத்தில் வந்துவிடும், அதை வைத்து ஏமாறவேண்டாம். நம் ஊர் வெப்பத்தில் ஒரு வாரம் விடுங்கள். போட்டித் தேதி நெருங்குகிறது என்றால் 50 முதல் 60 டிகிரிச் சூட்டில் சில மணி நேரம் வைக்கலாம், ஆனால் மெதுவாக ஏற்றி மெதுவாக இறக்கவேண்டும். எம்.டி.எஃப். அடுக்கு சூட்டில் அசைந்து ஒட்டுக் கோடு தெரிய ஆரம்பிக்கும் அபாயம் இதில் உண்டு. பேட்டர்னைப் பிளாஸ்டிக் ஷீட்டால் ஒரு ராத்திரி மூடி வைத்து, காலையில் திறந்து முகர்ந்து பாருங்கள். தின்னர் வாடை அடித்தால் இன்னும் காயவில்லை. மூலையில் நகத்தை அழுத்தினால் தடம் விழுந்தாலும் அதே பதில்தான்.

படி 4: தேய்ப்பு

இந்த வேலைக்கு வருமுன் ஒன்றை மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். மோல்டில் எல்லாம் தலைகீழாகிறது. பேட்டர்னில் இருக்கும் கீறல், மோல்டில் மெல்லிய வரம்பாக எழுந்து நிற்கும். அதைத் தேய்த்து எடுத்துவிடலாம். பேட்டர்னில் ஒட்டியிருக்கும் தூசிப் பொடியோ பெயிண்ட் சொட்டோ மோல்டில் குழியாக இறங்கும். குழியைத் தேய்த்து எடுக்க முடியாது, ஜெல்கோட் வைத்து அடைக்கத்தான் முடியும். ஊசி ஓட்டைதான் மூன்றிலும் மோசம். ஜெல்கோட் அதற்குள் இறங்கி முள் மாதிரி இறுகிப் பேட்டர்னைப் பிடித்துக்கொள்ளும், பிரிக்கும்போது பக்கத்துப் பெயிண்டையும் சேர்த்துக் கிள்ளிக்கொண்டு வரும். அதனால் தேய்க்க உட்காரும்போது முதலில் தேடவேண்டியது ஊசி ஓட்டைகளை, அடுத்து மேடுகளை. கீறல் அப்புறம்.

பிரைமரின்மேல் கருப்பு ஸ்ப்ரேயைத் தூரத்திலிருந்து லேசாகத் தூவிவிட்டு 320 நம்பரில் பிளாக் வைத்துத் தேயுங்கள். கருப்புப் புள்ளி மிச்சமிருக்கும் இடம் பள்ளம். பிரைமர் சீக்கிரம் தேய்ந்து கீழே பட்டி தெரிகிற இடம் மேடு. வெறும் கையால் தேய்க்கக் கூடாது. விரல்களின் அழுத்தம் வரிவரியாகப் பள்ளம் போடும், பரப்பு மங்கலாக இருக்கும்வரை அது தெரியாது, பாலிஷ் போட்டதும் முழுக்கத் தெரியும். மூக்கின் வளைந்த பகுதிகளுக்குப் பழைய ரப்பர் செருப்பில் வெட்டிய துண்டு அருமையான பிளாக். கடைகளில் விற்கும் வளையும் பிளாக்குகளைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.

மேல் பெயிண்டுக்கு வாட்டர் பேப்பர். 600, 800, 1000, 1200 என்று போங்கள், இடையில் எதையும் தாண்டாதீர்கள். ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால் முந்தைய நம்பரின் கீறல் போய்விட்டதா என்று குறுக்கே பார்த்ததும் தெரியும். நம்பர் மாற்றும்போதெல்லாம் வாளித் தண்ணீரையும் மாற்றுங்கள். 600இலிருந்து உதிர்ந்த ஒரு துகள் 1200இல் மாட்டினால் அரை நாள் வேலை வீண். தண்ணீரை ரப்பர் வைப்பரால் வழித்துவிட்டுப் பார்த்தால், ஈரத்தில் ஒளிந்திருந்த ஆரஞ்சுத் தோல் மாதிரியான சொரசொரப்பு வெளியே வரும்.

விளிம்புகளில் பெயிண்ட் மெல்லியதாக இருக்கும், நான்கு இழுப்பில் தேய்ந்து எம்.டி.எஃப். எட்டிப்பார்க்கும். அந்த வழியாகத் தண்ணீர் போனால் விளிம்பு உப்பிவிடும், மறுபடி பட்டியிலிருந்து தொடங்கவேண்டும். விளிம்புகளில் டேப் ஒட்டிவிட்டு முகத்தைத் தேயுங்கள், கடைசியில் டேப்பை எடுத்து விளிம்பை மட்டும் பழைய தேய்ந்த பேப்பரால் தொட்டுவிடுங்கள்.

எதுவரைக்கும் தேய்ப்பது? பாகத்துக்கு மேலே பெயிண்ட் அடிக்கப்போகிறீர்கள் என்றால் 1200 போதும் என்பது என் கட்சி. கண்ணாடி மாதிரிப் பேட்டர்ன் செய்துவிட்டு, அதிலிருந்து வந்த பாகத்தைப் பெயிண்ட் பிடிக்கவேண்டும் என்று மறுபடி 320 போட்டுக் கீறுகிற அணிகளைப் பார்த்திருக்கிறேன். ஜெல்கோட் நிறத்திலேயே, அல்லது கார்பன் நெசவு தெரியும்படி பாகம் வரவேண்டுமென்றால் 1500, 2000 வரை போய்ப் பாலிஷும் போடுங்கள்.

படி 5: பாலிஷ்

சிலிக்கோன் கலக்காத கம்பவுண்ட் வேண்டும். கார் பாலிஷ்களில் பலவற்றில் சிலிக்கோன் உண்டு. அது படிந்த இடத்தில் வேக்ஸும் பிடிக்காது, பி.வி.ஏ.வும் பரவாமல் விலகி ஓடும், துடைத்தாலும் முழுதாகப் போகாது. டப்பாவில் சிலிக்கோன் இல்லை என்று போட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். மெஷினைக் குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். ஒரே இடத்தில் நின்றால் சூடேறிப் பெயிண்ட் எரியும்.

பாலிஷ் போட்ட அன்றே வேக்ஸ் போடாதீர்கள். தேய்த்துப் புதிதாக வெளியே வந்த பெயிண்ட் பரப்பிலிருந்து மிச்சத் தின்னர் இன்னும் கசியும். ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் நிழலில் விடுங்கள். நேற்று பளபளத்த இடம் இன்று மங்கியிருந்தால் காய்ந்தது போதவில்லை என்று அர்த்தம், இன்னும் சில நாள் விட்டு மறுபடி பாலிஷ் போடவேண்டும்.

படி 6: பிரிப்புப் பலகை

மூக்குப் பகுதியை இரண்டு துண்டு மோல்டாக எடுக்கும்போது பிரிப்புக் கோட்டில் மைக்கா ஒட்டிய பலகையைப் பொருத்துங்கள். மோல்டின் விளிம்புக்கு 50 முதல் 75 மில்லிமீட்டர் அகலம் வேண்டும், இரண்டு துண்டையும் இணைக்கும் போல்ட் அதில்தான் வரும். பேட்டர்னுக்கும் பலகைக்கும் நடுவில் உள்ள இடுக்கைக் களிமண் வேக்ஸாலோ குழந்தைகள் விளையாடும் கிளேயாலோ அடைத்து, பிளாஸ்டிக் கார்டால் வழித்துவிடுங்கள். கிளே பட்ட பிசுக்குப் பெயிண்டில் இருக்கக் கூடாது. துடைப்பதற்கு அசிட்டோன் வேண்டாம், பெட்ரோலியம் வகை கிரீஸ் ரிமூவரை லேசாகத் தொட்ட துணி போதும்.

படி 7: வேக்ஸ்

மோல்டு ரிலீஸுக்கென்று (ஒட்டாமல் பிரிவதற்கு) விற்கும் கார்னௌபா பேஸ்ட் வேக்ஸ் வாங்குங்கள். புதுப் பேட்டர்னுக்கு ஆறு கோட்டாவது வேண்டும். கார் வேக்ஸ் வேண்டாம், காரணம் மேலே சொன்ன அதே சிலிக்கோன்.

துணியில் கொஞ்சம் எடுத்து, இரண்டு அடிக்கு இரண்டு அடி இடத்தில் மட்டும் வட்டவட்டமாக மெல்லியதாகத் தேயுங்கள். சில நிமிஷத்தில் மங்கலாகப் பூத்து வரும். கல்லாக இறுகிவிடும் முன் சுத்தமான துணியால் துடைத்துப் பளபளப்பாக்குங்கள். திருப்பூர் பனியன் வேஸ்ட் இதற்கு நல்லது. தையல் ஓரம், பட்டன், அச்சடித்த படம் உள்ள துண்டுகளை ஒதுக்கிவிடுங்கள், கீறும். பூசுகிற துணி வேறு, துடைக்கிற துணி வேறு.

கோட்டுக்குக் கோட் ஒரு மணி நேரமாவது விடவேண்டும். வேக்ஸ் பேஸ்ட்டிலும் கரைப்பான் இருக்கிறது. அவசரமாக அடுத்த கோட் போட்டால், அது முந்தைய கோட்டைக் கரைத்துத் துணியில் எடுத்துக்கொண்டு போய்விடும். ஆறு முறை தேய்த்தும் பேட்டர்னில் ஒரு கோட்தான் மிஞ்சும். கடைசிக் கோட்டுக்குப் பிறகு ஒரு ராத்திரி விடுங்கள். விளிம்பு, உள்மூலை, பிரிப்புப் பலகையின் கோடு, இவற்றுக்குத் தனியாக இரண்டு கோட் கூடுதலாகக் கொடுக்கலாம். ஒட்டிக்கொள்வதென்றால் முதலில் அங்கேதான் ஒட்டும். மூலையில் வேக்ஸ் கட்டியாகத் தேங்கவும் கூடாது, மோல்டில் அதன் தடம் அப்படியே விழும்.

செமி பெர்மனன்ட் ரிலீஸ் திரவங்கள் உற்பத்தி மோல்டுகளுக்கு நல்லவை. பெயிண்ட் அடித்த பேட்டர்னில், அதுவும் முதல் வேலையில், நான் அவற்றைச் சொல்லமாட்டேன்.

படி 8: பி.வி.ஏ.

வேக்ஸ் மட்டும் போதும் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். அவர்களுக்குப் போதும். பெயிண்ட் அடித்த பேட்டர்னில் முதல் மோல்டு எடுக்கிறவர் பி.வி.ஏ. போடாமல் இருக்காதீர்கள். அது பிளாஸ்டிக் தாள் மாதிரி மெல்லிய படலமாகக் காய்ந்து, ஸ்டைரீனுக்கும் பெயிண்டுக்கும் குறுக்கே நிற்கும். ஸ்டைரீனில் கரையாது. தண்ணீரில் கரையும், அதனால் பிரித்த பிறகு கழுவுவதும் சுலபம்.

முதல் கோட் வெறும் பனி படிந்தாற்போலத் தூவல்தான். அது ஒட்டிய பிறகு இரண்டு மூன்று ஈரக் கோட். முதலிலேயே ஈரமாக அடித்தால் வேக்ஸின்மேல் நிற்காமல் துளித்துளியாக ஒதுங்கிவிடும். பச்சை அல்லது நீல நிறம் கலந்த பி.வி.ஏ. வாங்கினால் எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று தெரியும்.

இதற்கு எதிரி ஈரம். மழைநாளில் காய்வதற்கு மணிக்கணக்கில் ஆகும், ஃபேன் வைத்தாலும் அப்படித்தான். ஈரம் போகாத பி.வி.ஏ.மேல் ஜெல்கோட் சரியாக இறுகாது. சித்திரை வெயிலில் வேறு தொல்லை. குனிந்து ஜெல்கோட் பூசும்போது நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை விழுந்தால், அந்த இடத்தில் படலம் வட்டமாகக் கரைந்து வேக்ஸ் தெரியும். நெற்றியில் துண்டு கட்டிக்கொள்ளுங்கள், முழங்கைவரை கையுறை போடுங்கள். அப்படியும் விழுந்துவிட்டால் துடைக்கப் போகாதீர்கள், துடைக்கத் துடைக்கப் பெரிதாகும். காயவிட்டு அந்த இடத்தில் மறுபடி தூவுங்கள்.

படி 9: சோதனைப் பலகையும் ஜெல்கோட்டும்

எல்லாவற்றுக்கும் முதலில் செய்யவேண்டியதை இங்கே சொல்கிறேன், ஏனென்றால் இதன் பயன் இப்போதுதான் தெரியும். ஓர் அடி எம்.டி.எஃப். பலகை ஒன்றைப் பேட்டர்னின் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். பேட்டர்னுக்குச் செய்த ஒவ்வொன்றையும் அதே நாளில், அதே டப்பாவிலிருந்து, அதற்கும் செய்யுங்கள். சீலர், பட்டி, பிரைமர், பெயிண்ட், தேய்ப்பு, வேக்ஸ், பி.வி.ஏ. எதையும் விடவேண்டாம். பேட்டர்னில் ஜெல்கோட் பூசுமுன் பலகையில் பூசி, இரண்டு லேயர் மேட் போட்டு, மறுநாள் பிரித்துப் பாருங்கள். சுத்தமாக வந்தால் பேட்டர்னுக்குப் போகலாம். ஒட்டினால் ஓர் அடி பலகையோடு நஷ்டம் போயிற்று.

மோல்டுக்கென்று விற்கும் டூலிங் ஜெல்கோட் பயன்படுத்துங்கள். 1 கிலோவுக்கு 10 முதல் 20 கிராம் எம்.இ.கே.பி. காட்டலிஸ்ட், தராசில் நிறுத்து. வெயில் ஏற ஏற இறுகும் நேரம் மளமளவென்று குறையும், அதனால் கோடையில் அதிகாலையில் தொடங்குங்கள். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டர் தனியாக வந்திருந்தால் முதலில் அதை ரெசினில் நன்றாகக் கலந்துவிட்டு, பிறகுதான் காட்டலிஸ்ட் ஊற்றவேண்டும். இரண்டையும் நேருக்கு நேர் கலந்தால் தீப்பற்றி வெடிக்கும். காட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் தொடாதீர்கள். பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இரண்டு கோட்டில் மொத்தம் 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் தடிமன் வரட்டும். கோட் மெல்லியதாக இருந்தால் ஸ்டைரீன் ஆவியாகி, ஜெல்கோட் பாதியில் நின்றுவிடும். அதன்மேல் அடுத்த கோட் பட்டதும் முதலைத் தோல் மாதிரிச் சுருங்கும். புறங்கை விரலால் தொட்டால் ஒட்டவேண்டும், ஆனால் விரலில் வரக் கூடாது. அதுதான் அடுத்ததைப் போடும் பதம்.

முதல் லேயருக்கு, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள மேட் ஒன்றே ஒன்று. காற்றுக் குமிழி இல்லாமல் ரோலரால் உருட்டி, மறுநாள்வரை விடுங்கள். பிறகு ஒரு தடவைக்கு இரண்டு மூன்று லேயருக்கு மேல் போடவேண்டாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் போட்டு முடித்தால் ரெசின் இறுகும் சூட்டில் வேக்ஸ் இளகும், பெயிண்டும் மெத்தென்றாகும். இத்தனை நாள் பார்த்துப் பார்த்துச் செய்த மேற்பரப்பு அந்த ஒரு மாலையில் கெட்டுவிடும்.

எபாக்ஸியில் மோல்டு எடுப்பவர்களுக்கு ஸ்டைரீன் தொல்லை கிடையாது. ஆனால் எபாக்ஸி எதன்மேலும் பலமாக ஒட்டும், ஆகவே வேக்ஸ் விஷயத்தில் இன்னும் கறாராக இருக்கவேண்டும்.

படி 10: பிரிப்பது

முழு லேயரும் போட்டு ஒரு வாரம் பேட்டர்ன் மேலேயே விடுங்கள். பின்புறம் தாங்கு சட்டங்களைப் பிரிக்குமுன்பே ஒட்டிவிடவேண்டும், இல்லையென்றால் மோல்டு முறுக்கிக்கொள்ளும். பிரிக்க ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், பிளாஸ்டிக் ஆப்பு போதும். விளிம்பில் சற்றுத் திறந்ததும் தண்ணீரை ஊற்றினால் பி.வி.ஏ. கரைந்து தானாக வழிவிடும். ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் மெதுவாகத் தட்டினால் டப்பென்று விடுபடும் சத்தம் கேட்கும்.

அப்படியும் பெயிண்ட் கொஞ்சம் மோல்டில் ஒட்டி வந்தால் பதற்றம் வேண்டாம், பேட்டர்ன் கெட்டாலும் மோல்டு பெரும்பாலும் பிழைத்துவிடும். 600 வாட்டர் பேப்பரில் தொடங்கித் தேய்த்து எடுத்துப் பாலிஷ் போடலாம். எங்கே ஒட்டியது என்பதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வட்டவட்டமாக அங்கங்கே என்றால் உள்ளே என்.சி. பட்டி இருந்திருக்கும். விளிம்போடு மட்டும் என்றால் வேக்ஸ் அங்கே படவில்லை. முகம் முழுக்கச் சுருக்கம் என்றால் பெயிண்ட் காயவில்லை, அல்லது ஜெல்கோட் மெல்லியதாகப் போயிருக்கிறது. சோதனைப் பலகையில் சுருக்கம் இல்லையென்றால் இரண்டாவது காரணம்தான்.

பேட்டர்னைக் கழுவித் துடைத்து, அதன் கட்டையிலேயே உட்கார வைத்துப் பரணில் ஏற்றிவிடுங்கள். மோல்டிலிருந்து இரண்டு மூன்று பாகம் சரியாக வரும்வரை அதை உடைக்க யாரையும் விடாதீர்கள்.